பாரிஸில் எத்தனை நிமிடம்?

ஐரோப்பா சுற்றுலா விளம்பரங்களில் எண்ணிக்கைதான் கொட்டை எழுத்தில் வருகிறது. இத்தனை நாள், இத்தனை நாடு. பாரிஸ் என்றால் பெரும்பாலும் இரண்டு இரவு. அதற்குள் ஈஃபில் கோபுரம், லூவ்ர் அருங்காட்சியகம், நோத்ர் தாம் தேவாலயம், சேன் நதியில் படகுச் சவாரி, ஷான்ஸ் எலிசே வீதி எல்லாம் முடிந்துவிட வேண்டும். குழுவோடு போகாமல் தாங்களே ஏற்பாடு செய்துகொண்டு போகிறவர்களின் காகிதத்திலும் ஏறக்குறைய இதே வரிசைதான் இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும் என்பதை யாரோ முன்பே முடிவுசெய்துவிட்டார்கள், நமக்கு டிக்கெட் எடுக்கும் வேலை மட்டுமே பாக்கி என்ற எண்ணம் அதற்கு அடியில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பதிப்பாளர் கார்ல் பேடெக்கர் தன் வழிகாட்டி நூல்களில் முக்கியமான இடங்களுக்கு நட்சத்திரக் குறி போட்டார். நேரம் குறைவான பயணிக்கு அது பெரிய உதவி. இன்று கைபேசியில் ஐந்து நட்சத்திரம் தேடும் நாமும் அந்தப் பழக்கத்தில்தான் வளர்ந்திருக்கிறோம். நட்சத்திரம் ஓர் இடத்தின் புகழைச் சொல்லும். அதன் முன்னால் நம்மை எவ்வளவு நேரம் நிற்க விடுவார்கள் என்பதைச் சொல்லாது. பயணத்தைத் திட்டமிடும்போது முதலில் கேட்க வேண்டியது அந்த இரண்டாவது கேள்வியைத்தான் என்பது என் வாதம்.

லூவ்ரையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நெரிசலைக் கட்டுப்படுத்த அந்த அருங்காட்சியகம் ஒரு நாளைக்குச் சுமார் 30,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ 20,000 பேர் மோனா லிசா இருக்கும் கூடத்துக்கு வந்துவிடுகிறார்கள். வழக்கமான நாளில் லூவ்ர் திறந்திருப்பது காலை 9 முதல் மாலை 6 வரை, ஒன்பது மணி நேரம். வகுத்தால் நிமிடத்துக்கு 37 பேர். அத்தனை பேரும் பார்க்க வருவது 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு மரப்பலகை ஓவியத்தை. அதற்கு முன்னால் குண்டு துளைக்காத கண்ணாடி, அதற்கும் முன்னால் தடுப்பு, தடுப்புக்கு இந்தப் பக்கம் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்த கைபேசிகள். லியோனார்டோ டா வின்சி உதட்டோரத்திலும் கண்ணோரத்திலும் கோடே தெரியாமல் நிழலை நிழலோடு கரைத்திருப்பதுதான் அந்த ஓவியத்தின் மேன்மை. அதைக் காணக் கிட்டத்தில் நிற்க வேண்டும், நேரமும் வேண்டும். அந்தக் கூடத்தில் இரண்டும் கிடைப்பதில்லை. 2026 ஜனவரி முதல் ஐரோப்பியரல்லாத பயணிகளுக்கு லூவ்ர் கட்டணம் 32 யூரோவாகிவிட்டது, நம் பணத்தில் 3,000 ரூபாய்க்கு மேல். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பது குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஓர் ஆறுதல். இவ்வளவு கொடுத்து உள்ளே போகிறவர் எதற்காகக் கொடுக்கிறோம் என்று யோசிப்பதில் தவறே இல்லை.

இந்த ஓவியத்தின் புகழ் எப்படி வளர்ந்தது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. கலை அறிந்தவர்கள் அதை வெகுகாலமாகவே போற்றினார்கள். ஆனால் உலகின் கடைக்கோடி வரை அதன் பெயரைக் கொண்டுபோனது 1911 ஆகஸ்டில் நடந்த திருட்டு. லூவ்ரில் முன்பு வேலை பார்த்த வின்சென்ஸோ பெருஜா என்ற இத்தாலியத் தொழிலாளி அதைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போய், இரண்டு ஆண்டுக்கு மேல் ஒளித்து வைத்திருந்தார். 1913 டிசம்பரில் ஃபிளாரன்ஸில் பிடிபட்டார். இடைப்பட்ட காலத்தில் பத்திரிகைகள் அந்த முகத்தை ஓயாமல் அச்சிட்டன. லூவ்ர் மீண்டும் திறந்தபோது, ஓவியம் மாட்டியிருந்த வெற்றுச் சுவரைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள். அப்போது பாரிஸ் வந்திருந்த எழுத்தாளர் காஃப்காவும் அந்த வெற்றிடத்தைப் போய்ப் பார்த்தார். ஓவியமே இல்லாத இடத்துக்குக் கூட்டம் சேர முடிந்தது என்றால், கூட்டத்தை ஓவியத்தின் தரத்துக்கு அளவுகோலாகக் கொள்வது எப்படிச் சரியாகும்?

அதே கூடத்தில், மோனா லிசாவுக்கு நேர் எதிர்ச் சுவரில், லூவ்ரின் மிகப் பெரிய ஓவியம் தொங்குகிறது. பாவ்லோ வெரோனேசே 1563இல் முடித்த கானாவூர்க் கல்யாணம். 22 அடி உயரம், 32 அடி அகலம். பரப்பளவில் சென்னையின் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றுக்குச் சமம், மோனா லிசாவைப் போல் 160 மடங்குக்கும் மேல். தண்ணீரைத் திராட்சை ரசமாக இயேசு மாற்றிய விவிலியக் கதையை, வெனிஸ் நகரச் செல்வந்தர் வீட்டு விருந்தாக வரைந்திருக்கிறார். நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்கள். மணமக்கள் இடது ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கிறார்கள். நடுவில் இயேசு. அவர் தலைக்கு மேலே மாடத்தில் இறைச்சி வெட்டுகிறார்கள். கீழே இசைக்குழு. வெள்ளை உடுப்பில் வாசிப்பவர் வெரோனேசேயே என்றும், சிவப்பு அங்கியில் பெரிய வாத்தியத்தோடு இருப்பவர் ஓவியர் டிஷியன் என்றும் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். இசைக் கலைஞர்களின் மேசையில் ஒரு மணற்கடிகாரம். வலது பக்கத்தில் ஒருவர் கையில் கோப்பையை வைத்துக்கொண்டு அதிலுள்ள ரசத்தின் நிறத்தைக் கவனிக்கிறார், பக்கத்திலேயே கல்ஜாடியைப் பிறாண்டியபடி மல்லாந்து கிடக்கிறது ஒரு பூனை. பத்து நிமிடம் நின்றால் பத்துக் கதை கிடைக்கும் ஓவியம். நெரிசலே இல்லாமல் நிற்கலாம், ஏனென்றால் கூடத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அதற்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வெனிஸின் சான் ஜோர்ஜோ மாஜோரே மடத்துத் துறவிகள் தங்கள் உணவுக்கூடத்துக்காக வரையச் சொன்னது அது. தினமும் சாப்பாட்டு வேளையில், ஆண்டுக்கணக்கில் பார்க்கப்பட வேண்டும் என்று கருதி வரையப்பட்டது. 1797இல் நெப்போலியனின் படை அதைப் பெயர்த்துக்கொண்டு பாரிஸ் வந்தது. அவர் வீழ்ந்த பிறகு கொள்ளைபோன ஓவியங்கள் பல இத்தாலிக்குத் திரும்பின. இதுவோ, கொண்டுபோக முடியாத அளவுக்குப் பெரியது என்ற காரணத்தால், இங்கேயே தங்கிவிட்டது. 2007இல் மிகத் துல்லியமான நகல் ஒன்றைச் செய்து பழைய உணவுக்கூடத்துச் சுவரில் பொருத்தியிருக்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி நம் ஊர்ப் பழக்கத்திலிருந்தே வருகிறது. திருமலையில் பத்து மணி நேரம் வரிசையில் நின்று, சந்நிதிக்கு வந்ததும் 'ஜருகண்டி' என்ற குரலோடு நகர்த்தப்பட்டு, ஒரு கணம் மட்டுமே பெருமாளைச் சேவித்துவிட்டு நிறைந்த மனத்தோடு இறங்குகிறவர்கள் நாம். அந்த ஒரு கணம் போதும் என்றால் மோனா லிசாவுக்கு மட்டும் ஏன் போதாது? இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தக் கணத்துக்குப் பின்னால் ஓர் ஆயுள் இருக்கிறது. அம்மா சொன்ன கதை, வீட்டுப் பூஜையறைப் படம், நேர்ந்துகொண்ட வேண்டுதல், அதிகாலையில் கேட்ட சுப்ரபாதம் எல்லாம் சேர்ந்து அந்தப் பார்வையை நிறைக்கின்றன. அங்கே நாம் போவது பார்ப்பதற்காக மட்டுமல்ல, அவன் கண்ணில் நாம் படுவதற்காகவும்தான். லியோனார்டோவின் ஓவியத்தோடு அப்படி நெடுநாள் பழகியவர்கள் உண்டு. சிறுவயதில் ஒரு நாள்காட்டிப் படத்தில் பார்த்து மயங்கி, நிழலைத் தீட்டக் கற்றுக்கொண்டு, என்றாவது நேரில் பார்த்தே தீர வேண்டும் என்றிருப்பவர் அந்த வரிசையில் தாராளமாக நிற்கட்டும். அவருக்கு ஒரு கணம் போதும். பட்டியலில் இருக்கிறது என்பதற்காக மட்டும் போகிறவருக்குத்தான் போதாது.

லூவ்ரை விட்டு வெளியே வந்து துய்லெரி தோட்டத்தை நேராக நடந்து கடந்தால், மறுகோடியில் ஓரஞ்ஜெரி அருங்காட்சியகம். இரண்டு நீள்வட்டக் கூடங்களில், கிளோத் மோனே தன் தோட்டத்துக் குளத்தைப் பார்த்துத் தீட்டிய அல்லி மலர் ஓவியங்கள் எட்டு. ஆறடி உயரத்துக்கு மேல், வரிசையாக வைத்தால் 90 மீட்டருக்கு மேல் நீளம். முதல் உலகப்போர் ஓய்ந்த மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, அமைதியின் நினைவாக நாட்டுக்கு ஓவியம் தருவதாக மோனே முன்வந்தார். பிறகு கண்புரை மறைக்க மறைக்க வரைந்துகொண்டே இருந்தார். 1926இல் அவர் இறந்து, மறு ஆண்டு கூடங்கள் திறக்கப்பட்டன. கூரை வழியாகப் பகல் வெளிச்சம் இறங்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1960களில் மேலே ஒரு தளம் கட்டி அந்த வெளிச்சத்தை அடைத்துவிட்டார்கள். அதை நீக்கி, வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவருவதற்காகக் கட்டடத்தை ஆண்டுக்கணக்கில் மூடிவைத்து, 2006இல் மறுபடி திறந்தார்கள். ஓர் ஓவியத்தைப் பார்க்கும் விதத்துக்கு ஒரு நகரம் கொடுத்த மதிப்பு அது. கூடத்தின் நடுவில் இருக்கை போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்திருக்கும்போது வெளியே மேகம் சூரியனை மறைத்தால் உள்ளே குளத்துத் தண்ணீர் கருக்கிறது. மேகம் விலகியதும் நீலமும் ஊதாவும் மேலே எழும்பி வருகின்றன. இதை உணரக் கலைவரலாறு படித்திருக்க வேண்டியதில்லை. அதே போல் சாந்த் ஷபெல். 1248இல் புனிதமாக்கப்பட்ட அந்தச் சிறு தேவாலயத்தின் மேல்மாடியில் சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் வண்ணக் கண்ணாடி. 15 மீட்டர் உயரச் சாளரங்கள் பதினைந்து, அவற்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விவிலியக் காட்சிகள். பாதுகாப்புச் சோதனைக்கு இங்கும் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் மாடிக்கு வந்த பிறகு அந்த வெளிச்சம் ஆயிரம் பேருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கிறது. ஒருவர் தலை இன்னொருவருக்கு மறைப்பதில்லை.

'வாழ்க்கையில் ஒருமுறை போகிறோம், பார்க்காமல் வந்துவிட்டால்?' என்ற பயம் புரிகிறது. விசாவுக்கு மட்டுமே பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ, விமானக் கட்டணம் தனி. சேமித்த பணம் வீணாகக் கூடாது என்ற கவலை நியாயமானது. ஆனால் ஒருமுறைதான் போகிறோம் என்பதே என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. மறுபடி வரப்போகிறவர் அவசரப்படலாம், குறை இருந்தால் அடுத்த முறை பார்த்துக்கொள்வார். வராதவருக்குத்தான் ஒவ்வொரு மணி நேரமும் மனத்தில் தங்க வேண்டும். எட்டு இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவரால் ஆறு மாதம் கழித்து எந்தப் படம் எந்த ஊர் என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்குக் குழுப் பயணம்தான் வசதி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாசலில் இறக்கிவிடும் பேருந்து, நம் சாப்பாடு, மொழி தெரிந்த வழிகாட்டி, இவற்றுக்கெல்லாம் உண்மையான மதிப்பு உண்டு. அதே பெற்றோரின் முழங்காலை நினைத்துப் பார்த்தாலும், நாள் ஒன்றுக்கு ஐந்து இடத்தைவிட உட்கார இருக்கை உள்ள இரண்டு இடமே மேல்.

ஈஃபில் கோபுரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் புகழ் என் அளவுகோலிலும் நிற்கிறது. 330 மீட்டர் உயரக் கோபுரத்தை எதிர்க்கரையில் த்ரொகாதெரோ மேட்டிலிருந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். இருட்டிய பிறகு மணிக்கொருமுறை ஐந்து நிமிடம் மின்னுவதையும் பார்க்கலாம். ஊரில் காட்டப் புகைப்படம் வேண்டும் என்பதும் கேலிக்குரிய ஆசையல்ல. மேலே ஏறுவதற்கான அரை நாளைத்தான் யோசித்துச் செலவழிக்க வேண்டும்.

அந்த அரை நாளில், த்ரொகாதெரோவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கிமே அருங்காட்சியகத்தைத் தமிழர் பார்க்கலாம். ஆசியக் கலைகளுக்கான இடம். அங்கே 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்து நடராஜர் செப்புத் திருமேனி இருக்கிறது. நம் கோயில்களில் உற்சவர் பெரும்பாலும் பட்டும் பூவுமாக அலங்காரத்தில் இருப்பார், நாமும் எட்ட நிற்போம். இங்கே தூக்கிய இடது பாதத்தின் வளைவையும், முயலகன் மேல் ஊன்றிய வலது பாதத்தையும், விரிசடையையும் சுற்றி வந்து நிதானமாகப் பார்க்க முடிகிறது. கூடவே வருத்தமும் வரும். துறவிகளின் உணவுக்கூடத்திலிருந்து பெயர்ந்த வெரோனேசேயைப் போல, இவரும் தனக்கென்று அமைந்த இடத்தை, தீபாராதனையை, வீதியுலாவை விட்டு வந்தவர். அந்த வருத்தத்தோடு பார்ப்பதும் பார்ப்பதுதான். எந்த வழிகாட்டியின் இரண்டு நாள் பட்டியலும் இதைத் தமிழருக்கென்று சேர்த்துத் தராது.

ஆகவே பயண நிறுவனத்துக்கு முன்பணம் கட்டும் முன் இடங்களை எண்ணுவதை விட்டுவிட்டு நேரத்தைக் கேளுங்கள். லூவ்ரில் எத்தனை மணிக்கு உள்ளே போகிறோம், எத்தனை மணிக்கு வெளியே வருகிறோம்? உள்ளே போகிறோமா, பேருந்து ஜன்னல் வழியாகவா? நிகழ்ச்சி நிரலில் செவ்வாய்க்கிழமை இருந்தால் அன்று லூவ்ரும் ஓரஞ்ஜெரியும் விடுமுறை என்பதை எடுத்துச் சொல்லுங்கள். புதனும் வெள்ளியும் லூவ்ர் இரவு 9 மணி வரை திறந்திருக்கிறது. குழுக்களில் பெரும்பாலானவை இரவுச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடும் அந்த நேரத்தில் ஒரு மாலையை ஒழித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். தர முடியாது என்றால், அன்றைய படகுச் சவாரியை விட்டுவிட்டு நீங்களே மெட்ரோ பிடித்துப் போகலாம். முதலாவது தடத்தில் பலே ரோயால் – மூஸே த்யு லூவ்ர் நிலையத்தில் இறங்க வேண்டும்.