அழுத்தப்படாத சோதனைப் பொத்தான்



வீட்டு மின்பலகையில் உள்ள எம்.சி.பி., மின்சுமை மிகும்போதும் குறுக்குச்சுற்று நேரும்போதும் இணைப்பைத் துண்டித்துக் கம்பிகளைக் காக்கிறதே தவிர, மனித உடல் வழியாக நிலத்துக்குக் கசியும் சிறு மின்னோட்டத்தை உணர்வதில்லை. அப்பணிக்கெனவே அமைந்த ஆர்.சி.சி.பி., ஃபேஸில் செல்லும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் இணைப்பைத் துண்டிக்கிறது. ஆயினும் நெடுங்காலம் அசையாதிருக்கும் அதன் உள்ளியக்கம் இறுகிவிடக்கூடும் என்பதால்தான் முகப்பில் சோதனைப் பொத்தான் வைக்கப்பட்டுள்ளது. தயாரிப்பாளர் குறித்த இடைவெளியிலேனும் அதை அழுத்திப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. (எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என்பதை இப்பொத்தான் சொல்லாது, அதற்குத் தனி அளவீடு வேண்டும்.)

அடிக்கடி துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யை அகற்றிவிட்டு, கம்பியின் பருமனை மாற்றாமலேயே 32 ஆம்பியரைப் பொருத்துவது பழுதுபார்ப்பு ஆகாது. கம்பியின் காப்புறை உருகத் தொடங்கிய பின்னும் துண்டிப்பான் வாளாவிருக்கும் நிலையையே அது உருவாக்குகிறது. மெயின் ஸ்விட்சை அணைத்த பின்னும் அதன் உள்வரும் முனைகளில் மின்சாரம் இருக்கும் என்பதால், பலகையின் மூடியைத் திறந்து, தளர்ந்த திருகாணியையும் கருகிய முனையையும் சரிசெய்வது உரிமம் பெற்ற மின்பணியாளருக்கே உரிய வேலை.

— வாசகர், ஈரோடு