ஆறு மாதப் பாலும் 84 நாள் விடுமுறையும்

பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டாம் என்று நமது சுகாதார நிலையங்கள் போதிக்கின்றன. மருத்துவிச்சிமார் படலை தோறும் சென்று அதனையே எடுத்துரைக்கின்றனர். நன்று. ஆனால், இவ்வாறு போதிக்கும் அரசாங்கத்தின் சட்டம், அதே தாயை எத்தனை நாளில் வேலைக்குத் திரும்ப அழைக்கிறது? தாய்ப்பாலின் பெருமையைப் பேசுவோர் முதலில் இக்கேள்விக்கு விடை கூறவேண்டும்.

நாடு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 1981இல் உலக சுகாதார மகாசபை, புட்டிப்பால் வாணிபத்துக்கு வரம்பு கட்டும் விதிகளை ஏற்றது. இரண்டே ஆண்டுகளில், 1983இல், இலங்கையும் தனக்கென அத்தகைய விதிகளை வகுத்தது. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதாரக் கணிப்பின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பாலை மட்டுமே அருந்தினர். செல்வம் கொழிக்கும் நாடுகள் பலவும் எட்டாத நிலை இது. பால்மா விளம்பரத்தைத் தடுக்கத் துணிந்த நாடு, தாயின் பொழுதைக் காக்க ஏன் துணியவில்லை?

சட்டம் அளிப்பது 84 நாள். வார விடுமுறையையும் போயா நாட்களையும் கூட்டினாலும் அது நான்கு மாதத்தைத் தாண்டுவது அரிது. பேறுக்கு முன் எடுக்கும் நாட்களைக் கழித்தால் மேலும் குறையும். 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை, தனியார் துறையில் மூன்றாவது குழந்தையைப் பெற்றவளுக்கு 42 நாளே கிடைத்தது! அரசாங்க உத்தியோகத்தர் அரைச் சம்பளத்தில் விடுமுறையை நீடிக்கலாம் என்பர். அரைச் சம்பளத்தில் குடும்பம் நடத்த வல்லவர் எத்தனை பேர்?

பால் கணக்குப் பார்த்துச் சுரப்பதன்று. குழந்தை உறிஞ்ச உறிஞ்சச் சுரக்கும். உறிஞ்சாது விட்டால் வற்றும். காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறி மாலையில் திரும்பும் ஆசிரியையின் குழந்தைக்கு, பகல் முழுவதும் யார் பாலூட்டுவது? பாட்டி கையில் எடுப்பது பால்மாவையே.

மலைநாட்டைப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் தாய் மலையில், குழந்தை பிள்ளைமடுவத்தில். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்ட நாளுக்கு இருமுறை இடைவேளை சட்டத்தில் உண்டு. பிள்ளைமடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம். உயரத்து மலையிலிருந்து இறங்கி ஏறவே அது போய்விடும். கொழுந்தின் நிறை குறைந்தால் கூலியும் குறையும். அதே 2016ஆம் ஆண்டுக் கணிப்பில், நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமற்றவர்; தோட்டப்புறத்திலோ 32 பேர். வறுமையும் தாயின் நலிவும் ஆறு மாதத்தின்பின் ஊட்டும் உணவின் குறையும் இதற்குக் காரணங்களே. ஆயினும், தாயைப் பிள்ளையிடமிருந்து பிரிக்கும் வேலைமுறை குற்றமற்றது என்று எவர் சொல்வார்?

மலையை மட்டும் சுட்டிக்காட்டி நாம் தப்பமுடியாது. நமது வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குக் களை பிடுங்கும் பெண்ணுக்கு 84 நாள் வேண்டாம், எட்டு நாளாவது சம்பளத்துடன் உண்டா? அவளை வேலைக்கு அழைப்பவர் கொழும்பு முதலாளியல்லர், நாமே.

ஆதலால் நாம் கேட்பவை மூன்று. ஆறு மாத விடுமுறை முழுச் சம்பளத்துடன் வேண்டும். அதன் செலவு தொழில் கொடுப்போர் தலையில் மட்டும் விழுந்தால், இளம்பெண்ணை வேலைக்கு எடுக்கவே அவர்கள் தயங்குவர். எனவே அரசாங்கமும் பங்கேற்கும் பொதுநிதி ஒன்று அமைதல் வேண்டும். இரண்டாவது, பாலூட்டும் இடைவேளை ஏட்டில் கிடவாது கந்தோரிலும் மலையிலும் நடைமுறைக்கு வரவேண்டும். அதற்காகக் கூலி குறைதலாகாது. மூன்றாவது, கமக்காரராகிய நாம் சட்டம் வரும்வரை காத்திராது, கைக்குழந்தையோடு வருபவளுக்கு நிழலும் நேரமும் கொடுத்து, கூலியையும் குறையாது கொடுக்கவேண்டும்.

கன்று ஈன்ற பசுவை ஏரில் பூட்டும் வழக்கம் நம்மிடம் இல்லை. பசுவுக்குக் காட்டும் நீதியைத் தாய்க்கும் காட்டுவோமாக.