துப்பாக்கிக்கும் ஜாதகம் வேண்டும்!

ஷோகேசில் அழகுக்கு வைக்கிற பழைய துப்பாக்கி ஆளைக் கொல்லுமா?

கொன்றிருக்கிறது! இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் நகரத்து வழக்கு இது.

ரவுடிக் கும்பல்கள் சுட்டுக்கொண்ட இடங்களில் கிடந்த தோட்டாக் கூடுகளை நிபுணர்கள் வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். பல கூடுகள் கடைச் சரக்கு இல்லை, கையால் தயாரித்தவை. எல்லாவற்றிலும் ஒரே கருவியின் கீறல்! நூல் பிடித்துக்கொண்டே போன போலீசார் கடைசியில் போய் நின்றது, லைசென்ஸ் வைத்திருந்த ஒரு துப்பாக்கி வியாபாரியின் வீட்டு வாசலில். அறுபதைத் தாண்டிய ஆள். பழங்காலக் கைத்துப்பாக்கிகளை அமெரிக்காவில் இருந்து வரவழைப்பார். அதற்குத் தோதான தோட்டாவை வீட்டிலேயே செய்வார். நடுவில் ஒரு தரகர். சரக்கு நேரே ரவுடிகள் கைக்கு!

கொலைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட சம்பவங்களில் அந்தச் சரக்கின் தடயம் கிடைத்தது. 2017-ல் கோர்ட்டு அவருக்கு 30 ஆண்டு ஜெயில் கொடுத்தது.

சட்டத்தில் ஓட்டை

இது எப்படி நடந்தது? அந்த நாட்டின் 1968-ம் வருஷத்துச் சட்டப்படி, பழம்பொருளாக, அழகுக்காக வைத்திருக்கிற துப்பாக்கிக்கு லைசென்சு வேண்டாம். தோட்டா கடையில் கிடைக்காத ரகமாக இருந்தால் அது பழம்பொருள். 'தோட்டா இல்லை, அதனால் ஆபத்து இல்லை' என்பது அதிகாரிகளின் கணக்கு. தோட்டாவைச் செய்யவே ஒருத்தன் கிளம்பிவிட்டால்? கணக்கு காலி!

அதற்காகப் பழைய துப்பாக்கி சேர்க்கிறவர்கள் எல்லாரும் கேடிகளா? இல்லவே இல்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேர் நம்ம ஊர் ஜோசியர் மாதிரி. துப்பாக்கியின் ஜாதகத்தைக் கணிக்கிறவர்கள்.

அதே பர்மிங்ஹாமில் வெப்ளி அண்டு ஸ்காட் கம்பெனி 1909-ல் கொண்டு வந்த குறிபார்த்துச் சுடும் கைத்துப்பாக்கி ஒன்று உண்டு. .22 ரகம். குழலைக் கீழே சாய்த்து ஒரே ஒரு தோட்டா போடலாம். சுட்டதும் அடுத்ததைத் திரும்பக் கையால்தான் போட வேண்டும். பந்தயத்துக்கு என்றே செய்தது. சேகரிப்பவர் இதைக் கையில் எடுத்தால் முதலில் நம்பரைப் பார்ப்பார். அப்புறம் முத்திரை. கூடுதல் மருந்து போட்டுச் சுட்டுப் பரிசோதித்த பிறகுதான் முத்திரை குத்துவார்கள். பர்மிங்ஹாம் பரிசோதனைச் சாலை 1813 முதல் இந்த வேலையைச் செய்கிறது. முத்திரையின் வடிவத்தை வைத்தே எந்தக் காலத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது கடைப்பெயர். விற்ற கடைக்காரர் தன் பெயரைத் துப்பாக்கியிலேயே பொறித்துக் கொடுப்பது அந்தக் கால வழக்கம். நம் மவுண்ட் ரோட்டு பி.ஆர் அண்டு சன்ஸ் பெயரும் 'மெட்ராஸ்' என்ற ஊர்ப்பெயரும் பொறித்த பழைய துப்பாக்கிகள் உண்டு. கடிகாரக் கடை என்றுதானே நினைத்தீர்கள்? வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே துப்பாக்கியும் விற்றிருக்கிறார்கள்!

கடைசியில் கணக்குப் புத்தகம். எந்த நம்பர், எந்தத் தேதி, யார் வாங்கியது? அந்த ஒரு வரி கிடைத்தால் விலை ஏறும். அதனால்தான் பெரிய ராணுவ அதிகாரியின் பெயரைப் புதுசாகப் பொறித்து ஏமாற்றுகிற ஆசாமிகளும் உண்டு.

வேடிக்கை பாருங்கள்!

1996-ல் ஸ்காட்லாந்தில் டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் ஒரு வெறியன் நுழைந்து 16 பிஞ்சுகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். லைசென்சோடு வைத்திருந்த கைத்துப்பாக்கிகள்! நாடே கொதித்தது. 1997-ல் இரண்டு சட்டம் போட்டுக் கைத்துப்பாக்கிகளுக்குக் கிட்டத்தட்ட முழுத் தடை விதித்தார்கள். .22 ரகமும் தப்பவில்லை.

விளைவு? ஒரே தோட்டா போடுகிற அந்தப் பந்தயத் துப்பாக்கிக்குப் பூட்டு. ஏனென்றால் அதன் தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது. ஆறு தோட்டா போடுகிற பழைய .44 ரிவால்வரோ ஷோகேசில் சுதந்திரமாக இருந்தது! அதன் தோட்டாதான் கடையில் இல்லையே!

பூட்டப்பட்டதிலும் சில பிழைத்தன. அபூர்வமானது அல்லது சரித்திர முக்கியத்துவம் உள்ளது என்று காட்டினால், பிஸ்லி துப்பாக்கிச் சுடும் மைதானம் போன்ற குறிப்பிட்ட இடத்தில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. அங்கேயும் காப்பாற்றியது ஜாதகம்தான்!

2021-ல்தான் அரசாங்கம் விழித்தது. 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்ததுதான் பழம்பொருள் என்று கோடு கிழித்தது. குற்றவாளிகள் விரும்பிய ஏழு தோட்டா ரகங்களைப் பட்டியலில் இருந்து நீக்கியது. நல்லதுதான். ஆனால் போதாது. மற்ற ரகங்கள் இன்னும் பட்டியலில் இருக்கின்றன. கைமாறினால் எழுதி வைக்கக் கட்டாயம் இல்லை.

நாம் கேட்பது இதைத்தான்: சுடக்கூடிய எந்தப் பழந்துப்பாக்கி கைமாறினாலும் யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று பதிவு செய்யுங்கள். நூறு வருஷத்துப் பழைய கணக்குப் புத்தகத்தைத் தேடி அலைகிற சேகரிப்பாளர்கள், இன்றைக்கு ஒரு வரி எழுத முகம் சுளிக்கலாமா?

இந்த விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் பரவாயில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, பழசு என்பதற்காக மட்டும் விலக்குத் தராது. ரிப்பேர் செய்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருக்க வேண்டும். ஆகவே தாத்தா பெட்டியில் துப்பாக்கி ஏதாவது கிடந்தால், 'துருப்பிடிச்சதுதானே' என்று அலட்சியமாக இருக்காதீர்கள். காயலான் கடைக்கும் போடாதீர்கள். நேரே போலீஸ் நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

துருவைத் தேய்த்தால் பளபளப்பு வரும். நம்பரைத் தேய்த்தால் பிணம்தான் விழும்!