ஓரஞ்சாரம்

ஆண்ட்ராய்டில் ஓடும் முதல் செல்போன் 2008 அக்டோபரில் அமெரிக்காவில் கடைக்கு வந்தபோது அதன் திரை 3.2 அங்குலம். இன்றைக்கு நம் ஊர்க் கடையில் பத்தாயிரம் சொச்சத்துக்குக் கிடைக்கிற போனே ஆறரை அங்குலம் இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் மனிதனின் கட்டைவிரல் மட்டும் ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை. தகராறு அங்கேதான் ஆரம்பம்.

டவுன் பஸ்ஸில் பாருங்கள். ஒரு கை கம்பியில். மறு கையில் போன். எதிர் மேல் மூலையில் இருக்கும் ஆப்பைத் தொட, போனை உள்ளங்கையிலேயே மெல்ல நகர்த்தி, சுண்டுவிரலால் அடியில் முட்டுக் கொடுத்து, கட்டைவிரலை நீட்டு நீட்டென்று நீட்டி... சர்க்கஸ்காரனுக்காவது கீழே வலை இருக்கும். இவருக்கு பஸ்ஸின் தகரத் தரை. 2013-ல் ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் தெரு, பஸ் ஸ்டாப், காபிக் கடை என்று போய் நின்றுகொண்டு, ஜனங்கள் போனை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று 1,333 தடவை குறிப்பெடுத்தார். திரையைத் தொட்டு இயக்கியவர்களில் 49 சதவீதம் பேர் ஒற்றைக் கைக்காரர்கள். அப்போது போன்கள் இன்னும் சின்னவை என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தக் கஷ்டத்துக்குத்தான் ‘சைட்பார்’ என்கிற ஓரப்பட்டை. திரையின் இடது அல்லது வலது விளிம்பில் ஒரு மெல்லிய கோடு இருக்கும். அதன்மேல் விரலை வைத்து உள்பக்கம் இழுத்தால் ஒரு பட்டை வெளியே வரும். அதில் உங்களுக்கு அடிக்கடி வேண்டிய ஐந்தாறு ஆப்கள். நீங்கள் அப்போது எந்த ஆப்புக்குள் இருந்தாலும் சரி, வீடு திரும்பி, பக்கம் பக்கமாகப் புரட்டித் தேட வேண்டாம். சமையலறை பாஷையில் சொன்னால் அஞ்சறைப் பெட்டி. கடுகு தாளிக்க யாரும் பரணில் ஏறுவதில்லை.

யோசனை புதிதல்ல. ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியே போய் நடத்திய கம்பெனியின் நெக்ஸ்ட்ஸ்டெப், 1989-லேயே வலது ஓரத்தில் இப்படி ஒரு வரிசையை வைத்திருந்தது. விண்டோஸ் விஸ்டாவில் 2007-ல் கடிகாரமும் வானிலையுமாக ஒரு சைட்பார் வந்தது. அதன் கதி என்னவென்றால், 2012 ஜூலையில் மைக்ரோஸாஃப்ட்டே முன்வந்து, “இதன் வழியாக விஷமிகள் உள்ளே வரலாம், தயவுசெய்து அணைத்துவிடுங்கள்” என்ற அர்த்தத்தில் எச்சரிக்கை விட்டது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

செல்போனில் ஸாம்சங் 2014-ல் கேலக்ஸி நோட் எட்ஜ் என்று ஒன்றை விட்டது. திரையே வலது பக்கம் வளைந்து இறங்கி, அந்தச் சரிவில் ஆப்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அழகுதான். ஆனால் வலது பக்கம் மட்டும். இடதுகைக்காரர்களை அவர்கள் இரண்டாவதாகத்தான் நினைத்தார்கள் போலும். இன்றைக்கு ஸாம்சங் போன்களில் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே என்று போனால் ‘எட்ஜ் பேனல்ஸ்’ இருக்கிறது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாற்றலாம். ஒப்போ, ரியல்மீ, ஒன்பிளஸ் வகையறாவில் ‘ஸ்மார்ட் சைட்பார்’ என்ற பெயரில் இருக்கும். இதெல்லாம் இல்லாதவர்கள் ப்ளே ஸ்டோரில் தேடினால், இதே வேலையைச் செய்ய ஆப்கள் ஏகப்பட்டது கிடைக்கும்.

ஓரம் ஏன் சௌகரியம் என்பதற்கு ஒரு சாஸ்திரமே உண்டு. 1954-ல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவக்காரர், இரண்டு உலோகத் தகடுகளைக் குச்சியால் மாற்றி மாற்றித் தட்டச் சொல்லி ஆட்களைச் சோதித்தார். இலக்கு எவ்வளவு பெரிதோ, எவ்வளவு கிட்டேயோ, அவ்வளவு சீக்கிரம் கை போய்ச் சேரும். கேட்டால் “இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?” என்று தோன்றும். ஆனால் அதைக் கணக்காக எழுதிக் காட்டினாரே, அதில்தான் இன்றைய கம்ப்யூட்டர் திரைகள் எல்லாம் நிற்கின்றன. மௌஸ் அம்பு ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதனால் ஓரம் எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் பெரிய இலக்குதான். போனில் விரல் அப்படி நிற்காது. ஆனால் போனின் விளிம்பு கட்டைவிரலுக்குத் தட்டுப்படும். கண்ணால் பார்க்காமலே தடவிக் கண்டுபிடிக்கலாம். அதுதான் விசேஷம்.

இவ்வளவு நல்ல சமாச்சாரத்தைக் கெடுப்பது எப்படி என்று என் நண்பர் ஒருவரிடம் கற்றுக்கொள்ளலாம். பட்டையில் இருபத்தெட்டு ஆப் வைத்திருக்கிறார். மேலும் கீழும் உருட்டித் தேடுகிறார். “எல்லாமே அவசரத்துக்கு வேணும் சார்” என்கிறார். அஞ்சறைப் பெட்டியில் அரிசி மூட்டையை வைத்த கதை. ஐந்து, போனால் ஆறு. அதற்கு மேல் போனால் நீங்கள் செய்திருப்பது இரண்டாவது வீட்டுத் திரை.

இன்னொரு தொல்லை, 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10. அதிலிருந்து ஓரத்தை உள்ளே இழுத்தால் ‘பின்னால் போ’ என்று அர்த்தமாகிவிட்டது. நீங்கள் பட்டையை இழுக்க, போன் முந்தைய பக்கத்துக்குப் போகும். முக்கால்வாசி டைப் அடித்த விண்ணப்பப் படிவம் காணாமல் போகும். ‘ஓரத்தில் எனக்குக் கொஞ்சம் இடம் விடு’ என்று ஓர் ஆப் கேட்கலாம்தான். ஆனால் ஆண்ட்ராய்டு ஒரு பக்கத்துக்கு மொத்தமாக 200 டிபி உயரம், அதாவது சுமார் ஒன்றேகால் அங்குலம், அதற்கு மேல் தராது. ஆகவே கோட்டைச் சின்னதாக, கட்டைவிரல் இயல்பாகப் படிகிற உயரத்தில் வைத்துக்கொண்டு, மற்ற இடத்தைப் பின்னால் போவதற்கு விட்டுவிடுவது உத்தமம். அல்லது பழையபடி அடியில் மூன்று பட்டனுக்கு மாறிவிடலாம். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இத்தனையும் எனக்குப் பழகியது திருச்சியிலிருக்கும் என் சித்தப்பாவால்.

சித்தப்பாவுக்கு அறுபத்தெட்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. நடை திரும்பிவிட்டது, கொஞ்சம் சாய்வாக. வலது கை மட்டும் திரும்பவில்லை. போனை இடது கையில் பிடித்து, இடது கட்டைவிரலால் இயக்க வேண்டும். அந்த ஒரு விரல்தான் அவருக்கு மொத்த ஸ்டாஃப்.

ராத்திரி கரண்ட் போனால் டார்ச் போடத் திரையின் உச்சியிலிருந்து இழுக்க வேண்டும். உச்சி எட்டாது. படுத்தவாக்கில் முயற்சி பண்ணி இரண்டு தடவை போன் மூக்கில் விழுந்திருக்கிறது.

“இந்தக் கம்பெனிக்காரனுங்க எல்லாருக்கும் ரெண்டு கை இருக்குடா. அதான் பிரச்னை” என்றார்.

அவர் போனில் சைட்பார் கூடவே வரவில்லை. ப்ளே ஸ்டோரிலிருந்து ஓர் ஆப்பைப் போட்டு, இடது ஓரத்தில் கோடு வைத்து, தொட்டால் லேசாக அதிரும்படி செய்தேன். எந்த ஆறு என்பதை அவரே சொன்னார். முதலில் டார்ச். அடுத்தது பெங்களூரில் இருக்கும் பெண்ணுக்கு நேராகப் போன் போகிற பொத்தான். மாத்திரை அலாரம். வாட்ஸ்அப். காமிரா. கடைசியில் பேங்க் ஆப்.

“அதுல எனக்கு அந்த தினக்காலண்டரையும் வெச்சுக் குடேன்ப்பா” என்றார் சித்தி.

“காலண்டர் சுவத்துல தொங்குது இல்ல? அதைப் பாரு” என்றார் சித்தப்பா. விஷயம் அத்தோடு முடிந்தது.

நாலு நாள் மனிதர் உற்சாகமாக இருந்தார். ஐந்தாம் நாள் போன் வந்தது. பேங்க் ஆப் திறக்கமாட்டேன் என்கிறதாம். ‘வேறொரு ஆப் திரையின் மேல் இருக்கிறது, அதை அணைத்துவிட்டு வரவும்’ என்கிறதாம்.

ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கும்போது பட்டை தெரிய வேண்டுமென்றால் அது வாட்ஸ்அப்பின் மேல் தன்னை வரைந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் ‘மற்ற ஆப்களின் மேல் காட்டலாம்’ என்று ஒரு சிறப்பு அனுமதி கேட்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கண்ணாடித் தகடு போட்ட மாதிரி. நல்லவன் போட்ட கண்ணாடியில் ஒரு பட்டை தெரியும். கெட்டவன் போட்டால், ‘சரி’ என்று நீங்கள் தட்டும் பொத்தானுக்கு அடியில் வேறு ஏதோ இருக்கும். சில பட்டைகள் கூடவே ‘ஆக்சஸிபிலிட்டி’ அனுமதியும் கேட்கும். ‘பின்னால் போ’, ‘திரையைப் பூட்டு’, ‘ஸ்க்ரீன்ஷாட் எடு’ போன்ற வேலைகளுக்கு. பார்வை குறைந்தவர்களுக்குத் திரையைப் படித்துக்காட்ட ஏற்பட்ட வசதி இது. அதாவது திரையில் உள்ளதைப் படிக்கவும், உங்கள் சார்பில் தட்டவும் அதற்கு முடியும்.

இந்த இரண்டு அனுமதியும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று 2017-ல் சான்டா பார்பராவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் ஜார்ஜியா டெக்கும் சேர்ந்து செய்து காட்டின. டைப் அடிப்பதைத் திருடலாம், இன்னும் அனுமதிகளைத் தானே எடுத்துக்கொள்ளலாம். 20 பேரிடம் சோதித்தார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இது ஏதோ அமெரிக்க ஆய்வுக்கூட சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2024-ல் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏ.பி.கே. ஃபைல் அனுப்பி நம் நாட்டில் பணம் பறித்தார்களே! அந்த மாதிரி ஃபைல்கள் உள்ளே வந்ததும் பல்லிளித்துக் கேட்பது இப்படிப்பட்ட அனுமதிகளைத்தான். ஆண்ட்ராய்டும் சும்மா இல்லை. 2021-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து, ‘என் தலைமேல் யாரும் இருக்கக்கூடாது’ என்று ஓர் ஆப் சொல்லலாம். 2022-ன் 13-ஆம் பதிப்பு, ப்ளே ஸ்டோர் மாதிரி கடைகள் வழியாக வராமல் ஃபைலாக வந்திறங்கும் ஆப்களுக்கு ஆக்சஸிபிலிட்டியைச் சுலபத்தில் தருவதில்லை.

பி.காம். முதல் வருஷத்தில் சொல்லித் தந்தார்கள்: உள்வருவதைப் பற்று எழுது, வெளியே போவதை வரவு எழுது. எனக்கும் உங்களுக்கும் சைட்பாரால் உள்ளே வருவது இரண்டு விநாடி. வெளியே போவது, முன்பின் தெரியாத ஒருவருக்கு நம் திரைமேல் உட்காரும் உரிமை. இந்தக் கணக்கு எனக்கு டாலி ஆகவில்லை. போனிலேயே பட்டை இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அது போனைச் செய்தவர்களே வைத்தது, புதிதாக யாரையும் உள்ளே விடவில்லை. வெளியிலிருந்துதான் போடவேண்டும் என்றால், ஆக்சஸிபிலிட்டி கேட்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பாருங்கள். ஆப் திறக்கிற வேலைக்கு அது தேவையில்லை. எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டால் அந்த நிமிஷமே கழற்றி எறியுங்கள். ஓரப்பட்டைக்கு உங்கள் ஓ.டி.பி.யோடு என்ன சகவாசம்?

ஆனால் சித்தப்பாவின் கணக்கு வேறு. அவருக்கு உள்ளே வருவது இரண்டு விநாடி இல்லை. இருட்டில் விளக்கு. கூப்பிட்டால் பெண்.

அவர் சார்பில் அந்த வங்கியின் உதவி எண்ணுக்குப் பேசினேன். “பாதுகாப்புக்காகத்தான் சார்” என்றார் எதிர்முனையில் இருந்த பெண். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் கஷ்டம். ஒவ்வொரு தடவையும் பட்டையை அணைத்துவிட்டு பேங்க்குக்குள் போகலாம் என்று சித்தப்பாவுக்குச் சொன்னேன்.

“ஒத்தை விரலால அணைச்சு, பணம் அனுப்பி, திரும்பப் போட்டு... அதுக்கு பேங்க்குக்கு நடந்தே போயிடலாம்டா.”

“சைட்பாரோட வர போனா ஒண்ணு வாங்கிடலாமா சித்தப்பா?”

“இது வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை. இதுக்கென்ன குறைச்சல்?”

ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு பேங்க் ஆப்பை எடுத்துவிடச் சொன்னார். பட்டை இருக்கட்டும் என்றார். சித்தி போனில் யு.பி.ஐ. ஏறியது. நாற்பது வருஷமாக அந்த வீட்டில் பணம் சித்தப்பா கையில்தான். பால், கரண்ட், கேபிள், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளம் எல்லாம் அவர் எண்ணிக் கொடுத்தே வழக்கம். இப்போது மளிகைக்காரர் போன் பண்ணி “அம்மா இருக்காங்களா?” என்கிறார். இவர் பேசாமல் போனைத் தருகிறார்.

போன வாரம் திருச்சி போனபோது எட்டிப் பார்த்தேன். பட்டையில் ஆறாவது இடம் காலியாக இல்லை. தினக்காலண்டர் உட்கார்ந்திருந்தது.