இலவசம் என்று யார் சொன்னது?

"பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ வாங்கினால் எல்லா வசதியும் உள்ளதாகப் பார், முதலில் வாங்கியவர் காசு கொடுத்துவிட்டார், உனக்கு இலவசம்" என்கிறார்கள். தவறு. அவர் கொடுத்தது விலை. பழுதுச் செலவு நம் தலையில்தான் விழும். ஏர் சஸ்பென்ஷனின் ரப்பர் பைகள் வயதாக ஆக வெடிப்புவிடும். காற்று கசிந்தால் கம்ப்ரஸரும் ஓயாமல் ஓடித் தேயும். பனோரமிக் சன்ரூஃபின் வடிகால் குழாயில் தூசி அடைத்தால் மழைநீர் உள்ளே இறங்கும். சேலம் பக்கத்து ஜலகண்டாபுரத்தில் ஒரு தறிக்காரர் வாங்குகிறார் என்றால், அவருக்கு இந்த இரண்டுமே வேண்டாம். சேலத்து வெயிலுக்குக் காற்றோட்ட சீட் வேண்டும், மேட்டூர் சாலையின் இருட்டுக்கு நல்ல ஹெட்லைட் வேண்டும். காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயர் என்றால் ஸ்டெப்னி இல்லாமலும் இருக்கலாம்; டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரின் வாய்ச்சொல் போதாது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, கம்பெனியில் பொருத்தியவை எவையென்று ஷோரூமில் கேளுங்கள்.