தை மாதத்து உழவர் பக்தி

ஆண்டுதோறும் தை பிறந்ததும் நம் இதழ்களுக்கு உழவர் நினைவு வந்துவிடுகிறது. பொங்கல் மலர்களில் கதிர் சாய்கிறது, களம் நிறைகிறது, கவிஞர்கள் கண் கலங்குகிறார்கள். மாசி பிறந்தால் உழவருமில்லை, வயலுமில்லை. இந்த அரைகுறைப் பக்தியை, அதற்குத் துணைபோகும் தமிழாசிரியர்களாகிய நம்மையும் சேர்த்தே, இங்குக் கேட்க வேண்டியிருக்கிறது.

குளிர்நாடுகளில் சிறு உழவரின் வயலைப் பனி மூடுகிறது. காவிரிப் படுகையில் அவ்வேலையைச் செய்வது மேட்டூர் அணையின் மதகு. சனவரி 28இல் அடைத்து ஜூன் 12இல் திறப்பது மரபு. இடையில் நான்கரை மாதம். ஆற்றுநீரை மட்டுமே நம்பிய இரண்டு ஏக்கர்க் குடும்பம் இக்காலத்தில் சும்மா இருக்கிறது என்பது நம்மில் பலருடைய எண்ணம். இதைவிடப் பெரிய அறியாமை வேறில்லை.

சம்பா அறுப்புக்கு முன்பே கலப்பற்ற கதிர்களை விதைக்கென ஒதுக்கும்போது அடுத்த பருவம் தொடங்கிவிடுகிறது. அந்நெல்லைப் பல நாள் வெயிலில் காயவைத்து, பதரும் வேற்று நெல்லும் பொறுக்கி, நொச்சித்தழை இட்டுக் காப்பது பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. நெல்தரிசில் விளைந்த உளுந்தைப் பங்குனியில் எடுத்தபின், இராமநாதபுரச் சீமையிலிருந்து வரும் கீதாரிகளைப் பிடித்து வயலில் கிடை போட வேண்டும். ஆடு படுத்த இடமே எரு. சித்திரையில் ஒரு மழை விழுந்தால் அந்த ஈரம் போவதற்குள் கோடை உழவு. புரண்ட மண்ணில் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகின்றன, கோரைக்கிழங்கு காய்கிறது, அடுத்த மழை ஓடாமல் உள்ளே இறங்குகிறது. முடிந்தவர்கள் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுகிறார்கள். இத்தனையும் முடிந்த பிறகுதான் நம் கவிஞர்கள் காணும் நாற்று வருகிறது.

வள்ளுவருக்கு இது தெரிந்திருந்தது. உழவு அதிகாரத்தில் அறுவடையைப் பாடிய குறள் ஒன்றுமில்லை. ஒரு பலப் புழுதி கால் பலமாகும்வரை காயவிடச் சொல்லும் 1037ஆம் குறள் உண்டு. உழுவதினும் எருவிடுதல் நன்று எனத் தொடங்கும் அடுத்த குறளும் உண்டு. பள்ளு நூல்களும் இடையனை வருவித்துக் கிடை வைப்பதைக் கூறின. நாமோ அதைப் 'பள்ளு இலக்கிய உறுப்புகள்' என்று ஐந்து மதிப்பெண் வினாவாக்கி மாணவர்களை மனப்பாடம் செய்ய வைத்தோம்.

கி.ராஜநாராயணன் 'கிடை' எழுதவில்லையா, சு.தமிழ்ச்செல்வி 'கீதாரி' எழுதவில்லையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எழுதினார்கள், அவை ஆட்டோடு வாழ்பவர்களின் கதைகள், நல்ல கதைகள். ஆனால் அந்த ஆடுகள் யாருடைய வயலில், எந்த விதைப்பை எதிர்நோக்கிப் படுத்தன என்று எத்தனை வகுப்பறைகளில் நாம் கேட்டிருக்கிறோம்?

இது வெறும் இரசனைப் பிழையன்று. குறைந்தபட்ச ஆதரவு விலைக்கான செலவுக் கணக்கில் குடும்ப உழைப்புக்கும் ஒரு மதிப்பு போடுகிறார்கள். முற்றத்தில் ஒரு கிழவி விதைநெல்லைப் பொறுக்கிய பொழுது அதில் எந்தப் பத்தியில் ஏறும்? பெயரில்லாத உழைப்புக்குக் கூலியும் இல்லை, மதிப்பும் இல்லை. கல்லூரிக்கு வரும் உழவர் வீட்டுப் பிள்ளையே, கோடையில் தன் தகப்பனார் 'சும்மா இருக்கிறார்' என்கிறான். அடுத்து நிலமும் 'சும்மா கிடக்கிறது' என்றாகிறது. அச்சொல் வீட்டுக்குள் நுழைந்த மறுநாள் மனைத்தரகர் வாசலில் நிற்கிறார். அச்சொல்லை அவன் நாவில் வைத்ததில் அறுவடையை மட்டுமே பாடிய நம் எழுத்துக்கும் பங்குண்டு.

பொங்கல் மலர் போடுவோர் போடட்டும். அவர்களிடம் நாம் கேட்பது ஒரு சித்திரை மலர்: கதிரில்லாத, பச்சையில்லாத, புழுதி மட்டுமே உள்ள வயலைப் பார்க்கத் தெரிந்த எழுத்து. உழவு அதிகாரத்தின் கடைசிக் குறளில் நிலமகள் சோம்பி இருப்பவரைக் கண்டு நகைக்கிறாள். கோடையில் அவள் நகைப்பது உழவரைப் பார்த்தல்ல.