அப்டேட்டை நிறுத்துவது சிக்கனமாகாது

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அதன் பயனாக, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 வசதி இல்லாத, ஆனால் உழைக்கும் வலு இன்னும் குன்றாத பழைய கணினிகள் பல, கல்லூரி லேபுகளிலும் அலுவலகங்களிலும் லினக்ஸுக்கு மாற்றப்பட்டு வருகின்றன. மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆனால் மாற்றம் முடிந்த கையோடு ஒரு கல்லூரி நிர்வாகம் தன் லேப் பொறுப்பாளர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தபோது உண்டான ஆத்திரமே இக்கட்டுரைக்குக் காரணம். இணைய இணைப்பு தாங்கவில்லை. ஆகவே எல்லாக் கணினிகளிலும் தானியங்கி அப்டேட்டை அணைத்துவிட வேண்டும். விடுமுறை வரும்வரை எவரும் அதைத் தொடலாகாது என்பது அதன் சாரம். சிக்கனம் என்ற பெயரால் இதைவிட ஊதாரித்தனமான யோசனையை நான் கண்டதில்லை.

இணைப்பு தாங்கவில்லை என்பது மெய்தான். ஏன் தாங்கவில்லை என்று விசாரித்தவர் எவருமில்லை என்பதே விசனத்துக்குரியது. 40 கணினிகள் உள்ள ஒரு லேபில், லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12ஐ 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்த டெபியன் 13க்கு உயர்த்த வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். டெஸ்க்டாப், லிப்ரே ஆபீஸ், கம்பைலர்கள் எல்லாம் சேர்ந்து கணினி ஒன்றுக்கு 2 கிகாபைட் பேக்கேஜ்கள் இறங்குவதாக வைத்துக்கொண்டால், 40 கணினிகளும் தனித்தனியே வெளியே சென்று 80 கிகாபைட்டைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. விநாடிக்கு 20 மெகாபிட் வரும் இணைப்பில் இதற்கு ஏறத்தாழ 9 மணி நேரம் பிடிக்கும், அதுவும் வேறு எவரும் அந்த இணைப்பைத் தொடாதிருந்தால். அந்த 80இல் 78 கிகாபைட், ஏற்கெனவே அதே அறைக்குள் வந்து சேர்ந்துவிட்ட கோப்புகளின் மறுபிரதிகள். 40இல் 39 பங்கு விரயம்! லேப் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் இந்த ஒரு விகிதத்தைத் தம் மேஜைக்கு எதிரே எழுதி ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். இணைப்பின் வேகத்தைக் கூட்டச் சொல்லி எழுதப்படும் ஒவ்வொரு கோரிக்கை மனுவையும், இந்த விரயத்துக்கு விடை கண்ட பிறகே நிர்வாகிகள் பரிசீலிக்க வேண்டும்.

விடை நெடுநாளாகக் கையில் இருக்கிறது. எடுவார்ட் ப்ளோக் என்பவர் எழுதிய ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற சிறு புரோகிராமை, மூலையில் கிடக்கும் ஒரு பழைய கணினியில் நிறுவி, லேபின் மற்றக் கணினிகளில் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஆப்ட் என்ற கருவியின் அமைப்பில் அக்கணினியின் முகவரியையும் 3142 என்ற போர்ட் எண்ணையும் குறிக்கும் ஒற்றை வரியைச் சேர்த்துவிட்டால், முதற்கணினி கேட்கும் பேக்கேஜ் வெளியிலிருந்து வந்து, கேட்டவருக்கும் போய், கேஷ், அதாவது சேமிப்பிடமாக நிற்கும் அப்பழைய கணினியின் வட்டிலும் தங்கிவிடுகிறது. இரண்டாவது கணினி முதல் நாற்பதாவது வரை எல்லாம் அறைக்குள்ளிருந்தே பெற்றுக்கொள்கின்றன. 9 மணி நேரம் வெளி இணைப்பை அடைத்து நின்ற காரியம் ஏறத்தாழ 13 நிமிஷத்தில் முடிகிறது; மீதியை உள்வலையின் கிகாபிட் கம்பி பார்த்துக்கொள்கிறது. முதலில் ஒரு கணினியை மட்டும் உயர்த்திப் பார்த்து, குறை ஒன்றுமில்லை என்று தெளிந்தபின் மற்றவற்றை ஏவுவது விவேகம்; பரீட்சார்த்தமாக உயர்த்திய அந்த ஒன்றே மற்றவற்றுக்கான களஞ்சியத்தையும் நிரப்பிவைத்துவிடுகிறது. டெபியனை ஆதாரமாகக் கொண்ட உபுண்டுவுக்கும், சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸுக்கும் இதே முறை செல்லும்.

இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் எஸ். ஆர். ரங்கநாதனிடம் போய் நிற்கிறது. சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்று, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை உலகுக்கு வகுத்தளித்த அம்மகானின் சிந்தனை, கேஷ் சர்வர் என்ற இந்த எளிய யந்திரத்தில் அப்படியே மூர்த்திகரித்து நிற்பதை நான் காண்கிறேன். ஒருவர் கேட்டு வாங்கிய பிரதி, அடுத்து வருகிறவர் கேட்கும்போது அலமாரியில் காத்திருக்கிறது. வாசகரின் காலம் வீணாகலாகாது என்பது அவருடைய நான்காம் விதியின் கருத்து. அச்சான நூல்களையெல்லாம் வாங்கிக் குவிப்பது நூலகமாகாது. அவ்வூர் வாசகருக்கு வேண்டியதை வைத்திருப்பதே நூலகம். அவ்வாறே, 69,000க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் கொண்ட டெபியன் 13இன் களஞ்சியம் முழுவதையும் பல நூறு கிகாபைட் செலவில் பிரதியெடுத்து வைக்கும் மிரர், ஒரு லேபுக்கு வீண் ஆடம்பரம். எவரேனும் கேட்டதை மட்டும் சேர்த்து நாளடைவில் வளரும் கேஷ் போதுமானது. நூலகம் வளரும் இயல்புடையது என்பதுதானே அவருடைய ஐந்தாம் விதி? அவருடைய பிரயாசையின் பயனாகச் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலித்து, ஊர்கூடி ஒரு பிரதியைப் பகிர்ந்துகொள்ளும் தர்மத்தைச் சட்டமாகவே ஆக்கிய நாட்டில், ஓர் அறைக்குள் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் 40 கணினிகள் ஒரு கோப்பைப் பகிர்ந்துகொள்ள மறுப்பதை எவ்விதம் சகிப்பது?

நடுவே ஒரு கணினியை நிறுத்துவது அபாயம், எல்லாம் எச்டிடிபிஎஸ் வழியே நேராக வர வேண்டும் என்று சிலர் ஆட்சேபிக்கிறார்கள். ஆப்ட் இயங்கும் விதத்தைச் சிறிதும் அறியாத பேச்சு இது. டெபியன் தன் வெளியீட்டுக் கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இடுகிறது; அக்கோப்பு பேக்கேஜ் பட்டியல்களின் ஹேஷ் மதிப்புகளை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் முத்திரைகளை, தாங்குகிறது; பட்டியல் ஒவ்வொரு பேக்கேஜின் ஹேஷ் மதிப்பையும் தாங்குகிறது. ஒவ்வொரு கணினியும் இச்சங்கிலியைத் தானே சரிபார்த்த பிறகே எதையும் நிறுவுமாதலால், நடுவில் நிற்பவர் ஒரு பைட்டை மாற்றினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். கணினிகள் எச்டிடிபிஎஸ் வழியே நேராகப் போனாலோ, நடுவில் உள்ள கேஷுக்கு மூடிய குழாய் ஒன்றே தெரியும். சேமிக்க எதுவும் கிட்டாது. வெளிப்பயணத்துக்கு எச்டிடிபிஎஸ் வேண்டுமென்றால், கேஷையே அவ்வழியில் சென்று வாங்கிவரும்படி அமைக்கலாம். 2019 ஜனவரியில் ஆப்டிலேயே கண்டுபிடிக்கப்பட்ட, நடுவில் நிற்பவர் கையொப்பச் சோதனையை ஏய்க்க இடம்தந்த பிழையைச் சிலர் பெரிய பிரமாணமாக நீட்டுகிறார்கள். அந்தப் பிழை தீர்ந்தது எதனால்? அப்டேட்டினால். அதையே அணைத்துவைப்பவர்களுக்குப் பாதுகாப்பைப் பற்றிப் பேச என்ன அருகதை?

2022 ஜனவரியில் வெளிப்பட்ட பிகேஎக்ஸெக் என்ற கருவியின் பிழையை இவர்கள் கேள்விப்பட்டதே இல்லையா? 2009 முதல் 12 ஆண்டுகளுக்கு மேலாக லினக்ஸ் கணினிகளில் உறங்கிக்கிடந்த அப்பிழையைக் கொண்டு, கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் எவரும் ரூட் என்னும் முழு அதிகாரத்தைக் கைப்பற்ற முடிந்தது. லேபில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் சாதாரணக் கணக்குடன் அமர்கிறார்கள்! விடுமுறை வரட்டும் என்று பிழை காத்திருக்குமா? 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்ட ஒரு பிழையின் வழியே, மே 12 அன்று வான்னாக்ரை என்ற தீம்பொருள் புகுந்து பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகளை ஒத்திவைக்கச் செய்தது; இடையில் இருந்தவை 59 நாட்கள். அவகாசம் இல்லாமல் அல்ல, ஒத்திவைக்கும் புத்தியால் வந்த கேடு அது.

பட்டியல் பழசாகி ஹேஷ் பொருந்தவில்லை என்ற செய்தி வருகிறது என்பாரும், கேஷ் கணினி படுத்தால் எல்லாம் படுக்கும் என்பாரும் உளர். முன்னதற்குக் கேஷைச் சுத்தம் செய்வது மருந்து. பின்னதற்கு, கேஷைக் காணாவிடில் நேர்வழியில் செல்லும் ஆட்டோ-ஆப்ட்-பிராக்ஸி இருக்கிறது. இவற்றுக்குமேல் மறுமொழி அநாவசியம். மைக்ரோசாப்டும் ஆப்பிளும் இதே வகை உள்ளூர்ப் பகிர்வைத் தங்கள் இயங்குதளங்களிலேயே சேர்த்துக் கொடுத்திருக்கின்றன; பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளில் ஏற்கத்தக்கதாக உள்ள முறை, இலவசமாகக் கிடைத்ததில் மட்டும் தீண்டத்தகாததாகிவிடுகிறதா?

ஆதலால் நான் வேண்டுவது தயவு அன்று, கட்டளை. பொதுப்பணத்தில் லினக்ஸ் நிறுவும் ஒவ்வொரு டெண்டரிலும் கேஷ் கணினி ஓர் இனமாக இடம்பெற வேண்டும். எத்தனை கோரிக்கைகள் உள்ளிருந்தே நிறைவேறின என்று அதன் அறிக்கைப் பக்கம் காட்டாதவரை ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸாகலாகாது. மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் நூலக வரிப் பணத்திலிருந்து ஒரு கேஷ் களஞ்சியம் அமைக்க வேண்டும். இணைப்பு மெலிந்த பள்ளியின் ஆசிரியர் ஒரு ஹார்ட் டிஸ்குடன் வந்து, நூல் இரவல் வாங்குவதுபோல் பேக்கேஜ்களை வாங்கிச் சென்று தம் பள்ளிக் கேஷில் இறக்கிக்கொள்ளட்டும். அவ்வாறு இறக்குமதி செய்யும் வசதி ஆப்ட்-கேச்சர்-என்ஜியில் இருக்கவே இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் இணைப்பைக் காரணம் காட்டி அப்டேட்டை அணைத்துவைக்கும் நிறுவனத்துக்கு, புதிய கணினி வாங்குவதற்கென்று சர்க்கார் ஒரு ரூபாயும் அளிக்கலாகாது.